ஏற்றலும் மறுத்தலும்

பிற சமயத்தார் விழாவில், முன்பின் அறியாத ஒருவர் அன்புடன் அளிக்கும் படையல் உணவைப் பௌத்த உபாசகர் ஏற்கலாமா? நம் அன்பர்கள் கூடும்போதெல்லாம் எழும் வினா இது. ஏற்கலாகாது என்று உறுதியாகக் கூறி வந்தவர்களுள் யானும் ஒருவன். 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் அவ்வினா என் முன்னே வந்து நிற்கும்வரை.

அன்று ஆற்றுக்கால் பகவதியின் பொங்கல் விழா. அத்தெய்வம் கண்ணகியே என்பது அவ்வூர் வழக்கு. பெண்கள் மட்டும் செங்கல் அடுப்புக் கூட்டி, புது மட்பானையில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் இட்டுப் பொங்குவர். கோயிலில் ஏற்றிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, பல கல் தொலைவு தெருக்கள்தோறும் பரவும். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு உண்டு. பெருந்தொற்றினால் 2021, 2022 ஆகிய ஈராண்டுகளும் வீட்டளவில் நின்ற விழா, அவ்வாண்டு மீண்டும் தெருவுக்கு வந்திருந்தது.

வண்டிகள் ஓடவில்லை. வேறொரு காரியமாகச் சென்ற யான், வெயிலும் புகையும் தாங்காது தலை சுற்றி ஒரு வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட்டேன். அடுப்பருகே இருந்த அம்மையார் ஒருவர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். தம் குடையை என் தலைக்குமேல் பிடித்தார். பேச்சு நாகர்கோவில் பக்கத்துத் தமிழ். பூசாரி தீர்த்தம் தெளித்துச் சென்றபின், வாழையிலைத் துண்டில் சூடான பொங்கலை வைத்து நீட்டினார்.

“யான் பௌத்தன், படைத்ததை உண்பதில்லை” என்றேன். குரலில் வேண்டாத கடுமை இருந்தது என்பதை இப்போது உணர்கிறேன். அவர் முகம் ஒரு கணம் வாடிற்று. பின்னர்த் தம் பையைத் துழாவி இரண்டு பழங்களை எடுத்தார். “அண்ணாச்சி, இது அம்மைக்கு வைத்ததில்லை. வழிக்கென்று வீட்டிலிருந்து கொண்டு வந்தது. இதைச் சாப்பிடலாமே?”

உண்டேன். அவர் நம்பிக்கையை யான் மதிக்கத் தவறிய இடத்தில், என் நோன்பை அவர் காத்துத் தந்தார்.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், மறுத்ததே முறை என்றார். அவர் கூற்றை எளிதில் தள்ளுவதற்கில்லை. பொங்கலும் பூசையுமாக அணைத்தே நம் சமயத்தை விழுங்கினார்கள் என்பது அவர் வாதம். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என வழிபடப்பெற்றது புத்தர் சிலையே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் கூற வேண்டியிருந்ததே! எனினும், 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் வழங்கிய 22 உறுதிமொழிகளைத் திரும்பப் படித்தேன். அத்தெய்வங்களை வணங்கேன் என்பது உண்டு. எல்லா உயிரிடத்தும் கருணை கொள்வேன் என்பதும் உண்டு. படையலை உண்ணேன் என்பது இல்லை. அதனை யானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்!

சுஜாதையின் பாயசத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். உருவேலையில் அவ்வம்மை ஆலமரத் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கடனைத் தீர்க்கவே வைகாசிப் பௌர்ணமியன்று பாற்சோறு சமைத்தாள். மரத்தடியில் இருந்த போதிசத்துவரைத் தெய்வம் என்று கருதியே அதனை அளித்தாள். நேர்ச்சை வேறு, நினைப்பு வேறு. ஆயினும் அண்ணல் அதனை உண்டார்.

என் உள்ளத்தில் மற்றொன்றும் இருந்தது. அதை மறைத்தல் முறையன்று. ‘என் குலம் அறிந்திருந்தால் இவ்வம்மை தண்ணீர் தந்திருப்பாளா?’ அய்யன்காளி 1893இல் பொதுச்சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றதே கலகமான நாடு அது. 1936க்குமுன் நம்மவர்க்குக் கோயிற்கதவு திறவாத நாடு. வலியசாலையோ, மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தமிழ் அக்கிரகாரத் தெரு. அங்கே இன்று எல்லாக் குலத்துப் பெண்களும் அடுப்பு வைக்கிறார்கள். ஆயினும் அருகருகே அடுப்பு வைத்த குடும்பங்கள் மறுநாள் பெண் கொடுத்துப் பெண் கொள்வதில்லை. ஆகவே அவ்வையத்தைத் தவறென்று யான் சொல்லேன். ஆனால் அவ்வம்மை என்னிடம் குலம் கேட்கவில்லை. அவர் கேளாத கேள்வியை அவர் பெயரால் என் நெஞ்சில் எழுப்பி, அதற்காக அவர்மேல் சினந்தவன் யானே.

நாலந்தையின் உபாலி, நிகண்டரின் வழியை விட்டுப் பகவரிடம் சரணடைந்தபோது, நெடுங்காலம் அவன் இல்லத்தில் உணவு பெற்றுவந்த நிகண்டத் துறவியர்க்குத் தொடர்ந்து அளிக்குமாறு பகவர் அறிவுறுத்தினார். கொடுத்தலைப் பற்றியது அது. பெற்றுக்கொள்ளுதல் அதனினும் கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வரும் பொங்கல் நாளில் அதே தெருமுனையில் இரண்டு பானை மோர் வைக்க எண்ணியுள்ளேன். நண்பரை அழைத்தேன். உடன் நிற்க அவர் இசையவில்லை. பானையில் ஒன்றைத் தாம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.