துயரமும் சான்றும்

கடவுள் உண்டென்போரும் இல்லையென்போரும் தர்க்க நூல்களைக் கற்றுத் தேர்ந்த பின்னரே தத்தம் முடிவுக்கு வருகின்றனர் என நாம் கருதுவதற்கில்லை. வாழ்வில் கண்டதும் பட்டதுமே பெரும்பாலும் அவர்களை அங்கு இட்டுச் செல்கின்றன.

சாள்ஸ் டார்வினின் இல்லத்தை நோக்குவோம். அவருடைய மகள் ஆனி 1851 ஏப்ரலில், பத்து வயதில், நோயுற்று இறந்தாள். முன்னரே தளரத் தொடங்கியிருந்த டார்வினின் கிறித்தவ நம்பிக்கை மெல்ல மெல்ல அகன்றது. உயிருள்ள புழுக்களின் உடலுக்குள்ளிருந்து அவற்றைத் தின்று வளரும் குளவியினத்தை அருளும் ஆற்றலும் மிக்க கடவுள் திட்டமிட்டுப் படைத்தார் என நம்ப இயலவில்லையென்று 1860 இல் தாவரவியலறிஞர் ஏசா கிரேயிற்கு அவர் எழுதினார். ஆயினும், தம்மை நாத்திகர் என்னாது அறியொணாவாதி என்றே 1879 இல் குறிப்பிட்டார். அதே மகளை இழந்த அவர் மனைவி எம்மாவோ கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டாரல்லர்.

ஒரே துயரின் பின்னர் இருவர் இரு நிலைகளில் நின்றனர். ஆகவே, துயரம் கடவுளின் உண்மைக்கோ இன்மைக்கோ சான்றாகாது. ஆனால், அது எழுப்பும் வினாவை 'எல்லாம் அவன் செயல்' என்று அடக்கிவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆனியைக் கொன்றது காசநோயாகலாம் என ஆய்வாளர் கருதுவர். அந்நோயின் கிருமியை 1882 இல் றொபேட் கொக் கண்டறிந்தார். அதற்கெதிரான முதல் வலிய மருந்தாகிய ஸ்ரெப்ரோமைசின் 1943 இல் கண்டறியப்பட்டது. அவற்றைக் கண்டோரின் சமய நம்பிக்கை எதுவாயினும், நோயாளரின் மரணத்தை விதியென ஏற்று அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை.

நம்புவோரையும் ஐயுறுவோரையும் நாம் கேட்பது ஒன்றே: தடுக்கத்தக்க துன்பத்தின் முன் உமது விடை உம்மைக் கைகட்டி நிற்கச் செய்கின்றதா, எழுந்து செயற்படச் செய்கின்றதா?