அடிமை ஓலையா? ஆற்றல் ஓலையா?

வேலை வேண்டி விண்ணப்பிக்கிறான் ஓர் இளைஞன். பட்டம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, உழைக்கும் உறுதியும் இருக்கிறது. ஆனால் முகப்புக் கடிதம் எழுதத் தாளை விரித்ததும் அவன் முதுகு வளைகிறது. ‘ஏழைக் குடும்பத்தைக் காத்தருள வேண்டும்’ என்று கெஞ்சுகிறான். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று முடிக்கிறான். தனக்கு என்ன தெரியும், தன்னால் என்ன ஆகும் என்பதற்கோ ஒரு வரியும் இல்லை! வேலை கேட்பது குற்றமா? இல்லையெனில், குற்றவாளியின் குரல் எதற்கு?

ஓலைக்குப் பெயர்போன ஊர் எங்கள் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரின் மணப்பந்தலில் முதியவர் ஒருவர் நுழைந்து, ‘இவன் எனக்கு அடிமை’ என்று வழக்குரைத்தாராம்; பாட்டன் எழுதித் தந்த ஓலையை இவ்வூர் அவையிலே காட்டி வென்றாராம். பெரியபுராணம் கூறும் கதை இது. வந்தவர் இறைவனே என்பது பக்தரின் நம்பிக்கை. நாம் எண்ண வேண்டியது வேறொன்று. பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டும் என்று தீர்ப்பளித்தது அந்த அவை. இன்றோ, கட்டுவார் யாருமின்றியே நம் இளைஞன் தன் கையாலேயே தனக்கு அடிமை ஓலை எழுதிக் கொள்கிறானே, இது தகுமா?

‘கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்பது ஆங்கிலேயரின் கடித ஒப்பனை. அவர்களில் மேலதிகாரியும் அப்படியே எழுதிக் கையொப்பமிட்டான், எழுதியதும் மறந்தான். நாமோ ஒப்பனையை உண்மையென நம்பினோம்!

வேறு வகையாக எழுதி வேலை பெற முடியுமா என்று கேட்பீர்கள். பக்கத்துத் திருக்கோவலூரையே பாருங்கள். 1910ஆம் ஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி அய்யர் அங்கே துணைக் கலெக்டராக இருந்தார். எழுத்தர் வேலை கேட்டு அவரிடம் வந்தான் ஓர் இளைஞன். கையிலே கணிதக் குறிப்பேடுகள். கல்லூரித் தேர்விலோ தோல்வி. ஏட்டைப் புரட்டிய அதிகாரி, இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் அடித்தட்டிலே முடக்க மனமின்றி, சென்னையில் உள்ளவர்களிடம் அனுப்பி வைத்தார். அவன்தான் சீனிவாச இராமானுசன்!

1912 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு அவர் எழுதிய விண்ணப்பம் இன்றும் படிக்கத்தக்கது. பணிவுச் சொற்கள் அதிலும் உண்டு. அது அந்நாளைய வழக்கம். ஆனால் உள்ளீடு என்ன? மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். மேற்படிப்பு தடைப்பட்டதை மறைக்கவில்லை. இடைக்காலத்தில் கணிதத்திலேயே கருத்தைச் செலுத்தியதைக் கூறினார். பணியைச் செவ்வனே செய்வேன் என்று உறுதி சொன்னார். அவ்வளவே! மார்ச் 1 முதல் திங்கள் 30 ரூபாயில் வேலை. மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதியபோதும், தாம் சிறு சம்பள எழுத்தர் என்பதை ஒளிக்கவில்லை. தம் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். தகுதியைப் பற்றிப் பேசவில்லை, தகுதியையே அனுப்பினார்.

‘அவருக்குப் பரிந்துரை இருந்ததே!’ என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரை விண்ணப்பத்துடன் சென்றது உண்மை. ஆதரவாளர்கள் இருந்ததும் உண்மை. அப்படியானால் ஆதரவாளர் இல்லாத உழவன் மகன் என் செய்வான்? இங்கேதான் அறம் எழுதுபவனோடு நிற்காமல் படிப்பவனையும் பற்றுகிறது. விண்ணப்பத்தைப் படிக்கும் கண் பெயரையும் ஊரையும் தேடுமானால், எத்தனை சிறந்த கடிதமும் குப்பைக் கூடைக்கே! ஆள் பார்த்து அளிக்கும் அருள், முறை பார்த்து அளிக்கும் உரிமையாக மாற வேண்டும் என்பதற்காகத்தான், 1929இல் சென்னை மாகாணம், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகத் தேர்வாணையம் கண்டது.

ஆகவே தோழனே, கேட்பதற்கு நாணாதே, கெஞ்சுவதற்கு நாணு! ஒரு பக்கம் போதும். எந்தப் பணிக்கு என்பதை முதல் வரியிலேயே சொல். அப்பணிக்கு என்ன தேவை என்று ஆராய்ந்து, அதற்கேற்ப நீ செய்து முடித்த இரண்டு மூன்று செயல்களைச் சான்றோடு காட்டு. ‘கடும் உழைப்பாளி’ என்று தற்புகழ்ச்சி பாடாதே, உழைத்ததைச் சொல். குறை இருந்தால் ஒரு வரியில் ஒப்புக்கொள். வறுமை இழிவன்று, ஆனால் அதை விலை பேசினால் உன் வேலை பிச்சையாகிவிடும்.

இல்லாத அனுபவத்தை இருப்பதாகவும் எழுதாதே. கெஞ்சுபவன் ஒரு நாள் குனிகிறான். பொய் சொல்லிப் புகுந்தவனோ, என்று வெளிப்படுமோ என அஞ்சி, பணியிலிருக்கும் நாளெல்லாம் குனிகிறான். அதுவும் அடிமை ஓலைதான்!

மரியாதை வேறு, மண்டியிடல் வேறு. ‘ஐயா’ என்று தொடங்கு. ‘நன்றி’ என்று முடி. மறுக்கப்பட்டால் மறுபடி எழுது. ஹார்டிக்கு முன் இராமானுசன் அணுகிய கேம்பிரிட்ஜ் அறிஞர்களும் கைகொடுக்கவில்லை. அதனால் குறைந்தது அவர் கணிதமா?

உழைப்பை வழங்க முன்வருபவன் இரவலன் அல்லன். அந்த நினைவோடு எழுதுகோலை எடு. எழுத்து தானே நிமிர்ந்து நிற்கும்!