விரும்பித்தான் செய்கிறாள்

கடையில் விற்கும் மிளகாய்ப் பொடியை வாசற்படி தாண்டவிடாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வீடு அப்படிப்பட்டது. "எங்கள் வீட்டில் எல்லாம் கைப்பக்குவம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். கை என்னவோ அவருடைய மனைவியின் கை.

பெரியவரின் சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல. துணிக்கும் மெழுகுக்கும் போடுகிற சூடான் சிவப்புச் சாயம் மிளகாய்ப் பொடியில் கலந்திருந்ததால், 2005இல் இங்கிலாந்தில் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பொடியாகிவிட்ட பிறகு எது என்னவென்று கண்ணுக்குத் தெரியாது. முழு மிளகாயாக வாங்கினால் நல்லதையும் சொத்தையையும் பிரித்துவிடலாம். நியாயம்தான்.

ஆனால் அந்த நியாயத்தை நிறைவேற்றுவது யார்?

கொல்லையில் இருக்கும் நாலு செடி பச்சை மிளகாய்க்குத்தான் காணும். வருஷப் பொடிக்கு இராமநாதபுரத்து முண்டு மிளகாய் ஐந்து கிலோ வரும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பரப்ப வேண்டும். மாலையில் வாரிக் கட்ட வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் ஆட்டினால் விதை கலகலக்கும். அப்புறம் காம்பு கிள்ளுதல். அன்று ராத்திரி முழுவதும் விரல் எரியும். காரத்துக்குக் காரணமான பொருள் தண்ணீரில் கரையாதாகையால் எத்தனை தரம் கழுவினாலும் போகாது. எண்ணெய் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தக் கையோடு பேரக் குழந்தையைத் தூக்க முடியாது. மல்லி, துவரம் பருப்பு, வெந்தயம், சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்து, மில்லில் நெடியில் தும்மிக்கொண்டு நின்று, அரைத்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் காகிதத்தில் கொட்டி ஆறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும்.

இதையெல்லாம் ஒரு நாள் பெரியவரிடம் சொன்னேன். "பரம்பரை வழக்கம். அவள் விரும்பித்தான் செய்கிறாள்" என்றார்.

பரம்பரை கிடக்கட்டும். மிளகாயே போர்த்துகீசியர் வந்த பிறகு கடல் கடந்து இங்கே வந்தது; மிளகை வைத்துத்தான் அதற்குப் பெயரே இட்டோம். இரண்டாவது வாக்கியத்தைத்தான் என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை. அந்த அம்மாளிடம் "பொடியைக் கடையில் வாங்கிவிடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். முகம் சுண்டிவிட்டது.

"அப்புறம் அது என் குழம்பு என்று யார் சொல்லுவார்கள்?" என்றார்.

மேலே பேச எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருஷம் ஒரு வீட்டில் உழைத்தவருக்கு, தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு குழம்பு. அதைப் பிடுங்கிவிட்டு ஓய்வு கொடுப்பது தர்மமாகுமா?

ஆகாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் "விரும்பிச் செய்கிறேன்" என்று அவர் சொல்வதும், "விரும்பித்தான் செய்கிறாள்" என்று சாப்பிட்டு ஏப்பம் விட்டவர் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது அவர் தருகிற கொடை. இரண்டாவது, கொடுத்தவரின் கணக்கை வாங்கியவரே எழுதி, பற்று ஒன்றுமில்லை என்று மூடிவைக்கிற காரியம். விருப்பம் இருந்தால் விரல் எரியாமல் போய்விடுமா? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிலோ காம்பு கிள்ளியவர் சொன்னாலாவது காது கொடுத்துக் கேட்கலாம்.

சென்ற சித்திரையில் அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. மிளகாய் வாங்கியாகிவிட்டது. இரண்டு நாள் அந்த மூட்டையைப் பெரியவர் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணைக் கூப்பிட்டு மாடிக்கு எடுத்துப் போகச் சொன்னார். அதற்குத் தனியாகக் கூலி உண்டென்றும், எவ்வளவு என்றும் அந்த அம்மாள்தான் பேசி முடித்தார்.