தன் முற்றத்தை யார் பெருக்குவது?



சென்ற வாரம் ஒரு கலியாண வீட்டில் நாலைந்து ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே சாதிக்காரர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்கள். ஒருவர் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றைக் குறித்துக் கேலி சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர் பிறகு என்னிடம் வந்தார். "சாமி, நான் என்ன சொல்லியிருக்கணும்? நம்ம ஆளுகளாச்சே, மூஞ்சிக்கு நேர எப்படிச் சொல்ல?" (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.)

நல்ல கேள்வி. அவமானப்பட்டவன் எதிர்த்துப் பேசினால் அவனைச் சண்டைக்காரன் என்று தள்ளிவிடுகிறோம். நம்மோடு பந்தியில் உட்காருகிறவன் தடுத்தால் அப்படித் தள்ள முடியாது. ஆகவே அவனுக்கே கடமை அதிகம். சகோதரனைத் திருத்துவது பிறர்சிநேகத்தின் செயல் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதிக்கிறார்.

நம் சீமையில் இது நடந்திருக்கிறது. வைக்கம் கோவிலைச் சுற்றிய வீதிகளில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாதென்ற தடையை எதிர்த்து 1924-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில், அத்தடையால் யாதொரு நஷ்டமும் இல்லாத மேல்சாதி இந்துக்களே திருவனந்தபுரத்துக்குக் கால்நடையாய்ப் புறப்பட்டார்கள். வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒரு கூட்டம். நம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் மற்றொன்று. 25,000-க்கு மேற்பட்ட மேல்சாதியார் கையொப்பமிட்ட மனு மகாராணி சேது லட்சுமி பாயிடம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு கையொப்பத்துக்குப் பின்னும் ஒரு திண்ணைப் பேச்சு இருந்திருக்கும். அண்ணனோடும் மாமனோடும் மனஸ்தாபம் இருந்திருக்கும். அப்படியும் 1925 பிப்ரவரியில் சட்டசபையில் அந்தத் தீர்மானம் 22-க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. நாயுடு ஓயவில்லை. 1926-ல் நம் அருகிலுள்ள சுசீந்திரத்துச் சத்தியாக்கிரகத்திலும் முன்நின்றார். ஆலயங்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12-ல்தான்.

வைக்கத்தில் முன்நின்ற கிறிஸ்தவரான ஜார்ஜ் ஜோசப்புக்குக் காந்தியடிகள் எழுதினார்: இது இந்துக்களின் பாவம், அவர்களே கழுவட்டும், நீங்கள் விலகியிருங்கள் என்பது அதன் சாரம். அதில் முழுச் சம்மதம் எனக்கில்லை. அடிபடுகிறவனுக்குத் துணைநிற்க யாருக்கும் உரிமையுண்டு. ஆனால் பாதி உண்மை இருக்கிறது. 1966-ல் அமெரிக்காவில் கறுப்பின இளைஞர் சங்கமொன்றும் தம்மோடு உழைத்த வெள்ளையரிடம், உங்கள் வெள்ளையரிடையே போய் வேலை செய்யுங்கள் என்றது. அவர்களுள் பலர் மனம் நொந்தார்கள். கறுப்பரோடு ஊர்வலம் போவதைவிடத் தன் தகப்பனோடு சாப்பாட்டு மேசையில் வாதாடுவது கஷ்டமாயிருந்தது போலும்!

நம் முற்றத்துக்கு வருவோம். வடக்கன்குளம் கோவிலில் 1872-ல் சாதிக்கொரு பக்கமாக நடுவே மதில் வைத்தார்கள். 1910-ல் அதை அகற்றியவர் கௌசானல் சுவாமி, ஒரு பிரெஞ்சுக் குரு. மதில் வேண்டுமென்றவர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். மதிலின் சௌகரியமான பக்கத்திலிருந்தவர்கள் தாமே கடப்பாரை எடுக்கவில்லையே என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதே வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற அர்ச். தேவசகாயம், மேல்சாதியில் பிறந்தும் தாழ்ந்தோரோடு பழகினார். 1752-ல் ஆரல்வாய்மொழியில் உயிர் கொடுத்தார். 2022-ல் அவர் அர்ச்சியசிஷ்டரானபோது நாம் வெடி போட்டோம். நம் கலியாணப் பந்தியோ அப்படியே இருக்கிறது.

குருமடத்தில் நானும் இப்படியொரு கேலிக்குச் சிரித்திருக்கிறேன். அன்றிரவு என் சாதியைச் சேர்ந்த தோழன் ஒருவன் என்னைத் தனியே அழைத்து, "நீ சிரித்தபோது பக்கத்து மேசையில் யார் இருந்தது என்று பார்த்தாயா?" என்றான். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் அந்தப் பக்கத்து மேசைக்குப் போனேன். தோழன் கேட்டிராவிட்டால் போயிருக்க மாட்டேன்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் ஆண்கள் கொஞ்ச நேரம் பள்ளி வராந்தாவுக்கு வாருங்கள். ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. அந்த ஆபத்து உண்டு. ஆகையால் பேச்சு ஒன்றே ஒன்றைப் பற்றி: நம் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு யாரை அழைப்போம், எங்கே உட்கார வைப்போம். கலியாண வீட்டில் கேள்வி கேட்டவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேலி சொன்னவரையும் அவரே அழைத்து வருகிறாராம்.