அதிமானுட நாயகனும் தியாகத்தின் ஊற்றும்

தன்னிடமுள்ள அருமையான ஒன்றை, அது உயிரேயாயினும், ஒருவன் பிறருக்காக இழக்கும்போது அதனைத் தியாகம் என்கிறோம். இழந்த பொருளின் பெறுமதியைக் கொண்டே தியாகத்தின் உயர்வை அளப்பது உலக வழக்கு. ஆனால் இழப்பு மட்டும் தியாகமாகிவிடாது. சூதாட்டத்தில் வீட்டை இழந்தவனும் இழந்தவனே. புகழை நாடி உயிரை விட்டவனும் விட்டவனே. எதனை இழந்தான் என்ற கேள்வியோடு, எதனால் உந்தப்பட்டு, யாருக்காக இழந்தான் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் தியாகத்தின் உண்மையான தராதரம் புலப்படும்.

இக்கேள்வியை, இன்று உலகெங்கும் மிகப் பரவலாக வழங்கும் ஒரு கதை மரபின்மீது வைத்துப் பார்ப்பது பயனுடையது. அமெரிக்கச் சித்திரக்கதை ஏடுகளிற் பிறந்து, திரைப்படத்தின் வழியாகத் திக்கெட்டும் பரவிய அதிமானுட நாயகர்களின் கதைகளையே இங்கு கருதுகின்றோம். நமது சிறுவரின் சட்டைகளிலும் பள்ளிக்கூடப் பைகளிலுங்கூட அந்நாயகர்களின் உருவங்கள் இடம்பிடித்துவிட்டன. இவை வெறும் பொழுதுபோக்கு, இவற்றிலே அறநெறி தேடுவது வீண்வேலை என்று இலக்கியவாதிகள் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் எண்ணற்ற இளைஞர்கள் தியாகம் பற்றிய முதற்பாடத்தை இக்கதைகளிலிருந்தே பெறுகிறார்கள் என்றால், அப்பாடம் எத்தகையது என ஆராய்வது சமுதாய அக்கறையுள்ளோரின் கடமையாகும்.

இம்மரபின் மூத்த பிள்ளை சூப்பர்மேன். 1938ஆம் ஆண்டில் ஏட்டிலே தோன்றிய அவனைப் படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்ரர் என்னும் இரு இளைஞர்கள். யூதக் குடிவரவாளர்களின் பிள்ளைகள். 1929இல் வெடித்த பொருளாதார நெருக்கடியின் நிழலிலே வளர்ந்தவர்கள். அவர்களது நாயகன் தொடக்கத்தில் வேற்றுலகப் பகைவரைத் தேடிப் போகவில்லை. முதலாவது இதழிலே, குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையினின்றும் காப்பாற்றுகிறான். மனைவியை அடித்துத் துன்புறுத்தும் கணவனைத் தண்டிக்கிறான். இரண்டாவது இதழிலே, போரை மூட்டி இலாபங் குவிக்கும் ஆயுத உற்பத்தியாளன் ஒருவனைப் போர்முனைக்கே இழுத்துச்சென்று, சாதாரணச் சிப்பாயாக நிற்க வைக்கிறான். தன் தலைக்கு மேலாகக் குண்டுகள் பறக்கும்போதுதான் தான் விற்பது என்ன என்பது அம்முதலாளிக்கு விளங்குகிறது. மூன்றாவது இதழிலே, பாதுகாப்பற்ற சுரங்கத்தின் சொந்தக்காரனையும் அவனது விருந்தினரையும் அதே சுரங்கத்தினுள் அகப்பட வைத்து, தொழிலாளி அன்றாடம் முகங்கொடுக்கும் அபாயத்தை உணரச் செய்கிறான்.

இங்கே நாயகனைத் தூண்டுவது எது? அவனது சொந்தத் துயரமன்று. கொலையுண்ட தந்தையோ பறிபோன காதலியோ அவனை உந்தவில்லை. கண்முன்னே அநீதி நடக்கிறது, அதனைத் தடுக்கும் வலிமை தன்னிடம் இருக்கிறது, அவ்வளவே. மிக எளிய இந்தத் தூண்டுதலே மிக உயர்ந்ததுமாகும். ஆயினும் இக்கதைகளில் ஒரு குறை உண்டு. குண்டு பட்டாலும் காயப்படாதவன் இழப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் செய்வது நீதி. அதற்காக அவன் கொடுக்கும் விலை ஏதுமில்லை. இழப்பின்றி உதவுபவனை நாம் போற்றலாம். தியாகி என்று அழைக்க இயலாது.

இக்குறையை நிரப்ப வந்தவன், 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிற்கோவும் படைத்த ஸ்பைடர்மேன். பீற்றர் பார்க்கர் என்னும் அநாதை மாணவன், முதிய சிற்றப்பனும் சின்னம்மாவும் வளர்த்த பிள்ளை. தற்செயலாக வலிமை கிடைத்ததும் அதனைக் காட்டிப் பணம் சம்பாதிக்கவே முற்படுகிறான். தன்முன்னே ஓடிய கள்வனைப் பிடிக்காது விடுகிறான். அது தன் வேலையன்று என்பது அவன் எண்ணம். அதே கள்வன் பின்னர் அவனது சிற்றப்பனைக் கொன்றுவிடுகிறான். அன்று பிறந்த குற்றவுணர்வே அவனது வாழ்நாள் முழுவதற்குமான உந்துவிசையாகிறது.

இக்கதையின் அறவலிமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அநீதியைக் கண்டும் காணாதவன்போல் ஒதுங்குபவன் அதற்கு உடந்தையாகிறான் என்ற பேருண்மையை, ஒரு சிறுவனுக்கும் புரியும் வண்ணம் அது சொல்லிவிடுகிறது. மேலும், பீற்றர் செய்யும் தியாகம் அன்றாடத் தியாகம். வாடகைக்குப் பணமில்லை, படிப்புக் கெடுகிறது, சொன்ன நேரத்திற்குப் போக முடியாமையால் நட்பும் காதலும் முறிகின்றன. 1967இல் வெளிவந்த ஐம்பதாவது இதழிலே அவன் சலித்துப்போய்த் தனது உடையைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிடுகிறான். பின்னர் ஆபத்திலகப்பட்ட ஒரு முதிய காவலாளியைக் காப்பாற்றும்போது, அம்முதியவரின் முகம் சிற்றப்பனை நினைவூட்ட, மீண்டும் கடமைக்குத் திரும்புகிறான். ஒரே கணத்தில் உயிரைக் கொடுப்பதிலும், ஒவ்வொரு நாளும் வாழ்வின் ஒரு துண்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பது கடினமானது. இவ்வுண்மையை, குடும்பத்திற்காக உழைத்துத் தேயும் எந்தத் தாயும் அறிவாள்.

ஆனால் இவ்விடத்திலேயே ஓர் ஆபத்தும் தோன்றுகிறது. நாயகனின் தூண்டுதல் சொந்தத் துயரத்திலேயே வேரூன்றியிருப்பின், அத்துயரம் ஆறும்போதெல்லாம் கதைக்குப் புதிய துயரம் தேவைப்படுகிறது. விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதுபோல நாயகனுக்குச் சாவுகளை வார்க்க வேண்டியிருக்கிறது. 1973இல் பீற்றரின் காதலி குவென் ஸ்ரேசி பாலத்திலிருந்து வீழ்த்தப்பட்டு இறந்தாள். அம்மரணம் வாசகரை உலுக்கியது உண்மை. அதன்பின் இதுவே ஒரு சூத்திரமாகிவிட்டது. 1994இல் வெளிவந்த வேறொரு நாயகனின் கதையில், அவனது காதலி கொலைசெய்யப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டியினுள் திணிக்கப்பட்டாள். 1999இல் கெயில் சிமோன் என்னும் எழுத்தாளர், இவ்வாறு கொல்லப்பட்டும் சிதைக்கப்பட்டும் போன பெண் பாத்திரங்களின் நீண்டதொரு பட்டியலைத் தொகுத்து வெளியிட்டார். அப்பட்டியல் ஒரு கேள்வியை எழுப்பியது: இந்தப் பெண்களின் வாழ்வு அவர்களுக்கே உரியதா, அன்றி நாயகனின் சினத்தை மூட்டுவதற்கான விறகா?

இது சித்திரக்கதைகளோடு மட்டும் முடிந்துவிடும் கேள்வியன்று. மனிதனை மனிதன் கருவியாகக் கொள்ளும் மனப்பான்மையே இங்கு உருமாறி வருகிறது. நாயகனின் இலட்சியத்திற்காக அவன் எதை இழந்தான் என்று கதை கணக்கெழுதும்போது, இறந்தவளும் அவனது இழப்புக்களில் ஒன்றாகிவிடுகிறாள். அவள் இழந்தது தன் உயிரை என்பது மறக்கப்படுகிறது. மற்றவர் செலுத்திய விலையை ஒருவனின் தியாகக் கணக்கில் வரவு வைப்பது எவ்வகை நீதி?

அயர்ன்மேனின் கதையை இந்த ஒளியிலே நோக்குவோம். 1963இல் ஏட்டிலே தோன்றிய இவனும் ஓர் ஆயுத உற்பத்தியாளனே. ரோனி ஸ்ராக் என்பது அவனது பெயர். முதற்கதையில் வியட்நாமிலும், 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஆப்கானிஸ்தானிலும் அவன் காயமுற்றுச் சிறைப்படுகிறான். திரைப்படத்தில் அவனது நெஞ்சைத் துளைப்பவை அவனது நிறுவனமே தயாரித்த ஏவுகணையின் சிதறல்கள். யின்சன் என்னும் சக கைதி அவனது உயிரைக் காத்து, அவன் தப்புவதற்காகத் தன் உயிரையும் கொடுக்கிறான். கிடைத்த வாழ்வை வீணாக்காதே என்பதே அவனது இறுதி வேண்டுகோள். விடுதலை பெற்ற ஸ்ராக், இனி ஆயுதம் செய்வதில்லை என அறிவிக்கிறான். 2019இல் வெளிவந்த படத்தில், மனைவியும் சிறுமகளும் இருக்க, உலகைக் காக்கத் தன்னுயிரை ஈகிறான். இழப்பதற்கு அருமையான ஒன்று இருந்தும் இழந்தான் என்பதால், அது மெய்யான தியாகமே. அதனை மறுப்பது நேர்மையாகாது.

எனினும், 1938இன் ஆயுத முதலாளியையும் 2008இன் ஆயுத முதலாளியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். முன்னவனை நீதி போர்முனைக்கு இழுத்துச் சென்றது. அவன் கதையின் குற்றவாளி. பின்னவன் அதே போர்முனையில் அதே உண்மையைக் கற்றுக்கொள்கிறான். ஆனால் அவனே கதையின் நாயகன். எழுபது ஆண்டுகளில் கதையின் பார்வை எங்கிருந்து எங்கே நகர்ந்துவிட்டது! அவனது மனமாற்றமே பெரிதாகக் காட்டப்பட, அவனது ஆயுதங்களால் மாண்டவர்கள் பெயரின்றிப் போகிறார்கள். ஸ்ராக்கின் ஈமச்சடங்கிலே நாயகர்கள் அனைவரும் அணிவகுத்து நிற்கிறார்கள். அதே படத்தில், அதே நோக்கத்திற்காகத் தன்னைப் பலியிட்ட நாதாஷா றொமனோவ் என்னும் பெண்ணுக்கு அத்தகைய சடங்கு காட்டப்படவில்லை. தன் உயிரைக் கொடுத்து எல்லாவற்றையும் தொடக்கிவைத்த யின்சனோ முதற்படத்துக் குகையிலேயே தங்கிவிட்டான். தியாகத்திலும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவினை உண்டுபோலும்!

தியாகம் சந்தைப் பண்டமாகும்போது இது நிகழவே செய்யும். 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்தான். துக்கப்பட்டியோடு கறுப்பு உறையிலிட்டு விற்கப்பட்ட அவ்விதழ் பல இலட்சக்கணக்கில் விலைபோயிற்று. அடுத்த ஆண்டே அவன் உயிர்த்தெழுந்தான். அதே 1992இன் ஜூலையிலே, அவனுக்கு முதன்முதலில் உருவங் கொடுத்த ஓவியர் ஜோ ஷுஸ்ரர் மெய்யாகவே இறந்துபோனார். 1938இல் அவரும் சீகலும் தமது படைப்பின் உரிமையை 130 டொலருக்கு விற்றவர்கள். நீண்டகால வழக்குகளுக்கும் வறுமைக்கும் பின்னர், சக கலைஞர்கள் குரலெழுப்பியதன் விளைவாக, 1975இலே ஆண்டுக்கு 20,000 டொலர் உபகாரச் சம்பளமும் படைத்தோர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. கற்பனை நாயகனின் மரணத்திற்குத் துக்கப்பட்டி அணிந்தவர்களுள் எத்தனைபேர் அந்த உழைப்பாளியின் மரணத்தை அறிந்திருப்பார்கள்?

அப்படியாயின் சொந்தத் துயரத்தினின்று பிறக்கும் தியாகம் இழிவானதா என்று கேட்கலாம். அல்லவே அல்ல. தன் பிள்ளையைப் பசியில் கண்ட பின்னரே ஊரின் பசியை உணர்பவர் பலர். துயரம் ஒரு வாசல். அதன்வழியே வெளியே வந்து பிறரது துயரத்தோடு கைகோப்பவன் உயர்கிறான். வாசலிலேயே உட்கார்ந்து தன் புண்ணையே தடவிக்கொண்டிருப்பவனின் தியாகம், எத்துணை பெரிதாயினும், தன் மன அமைதிக்காகச் செலுத்தும் கடனாகவே நின்றுவிடுகிறது.

2004இல் வெளிவந்த இரண்டாவது ஸ்பைடர்மேன் திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. கட்டுப்பாடிழந்து ஓடும் புகைவண்டியை நாயகன் தன் உடலையே கொடுத்து நிறுத்திவிட்டு மூர்ச்சையாகிறான். பயணிகள் அவனைத் தாங்கி, தலைக்கு மேலாகக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொணர்ந்து கிடத்துகிறார்கள். முகமூடியற்ற அம்முகம் ஒரு பையனின் முகம் என்று கண்டு வியக்கிறார்கள். சிறுவர் இருவர் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களிக்கிறார்கள். எதிரி அவனைத் தேடி வந்தபோது, அதிசய சக்தி ஏதுமற்ற அச்சாதாரண மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக அவனுக்கு முன்னே அரணாக நிற்கிறார்கள். எதிரி அவர்களை எளிதிலே தள்ளிவிடுகிறான் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு கணத்தில், தியாகம் ஒருவனது தனியுரிமை என்ற நிலை மாறி, மனிதரிடையே கைமாறும் பொதுச்சொத்தாகிவிடுகிறது. அங்கே சிற்றப்பனின் சாவு எவருக்கும் நினைவில்லை. பக்கத்திலே விழுந்து கிடப்பவன் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்ற உணர்வு மட்டுமே தூண்டுதலாக இருக்கிறது.

நமது குழந்தைகள் இக்கதைகளைப் பார்க்கட்டும், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் படம் முடிந்ததும் நாயகன் எவ்வளவு பெரியவன் என்று மட்டும் அவர்களிடம் கேட்க வேண்டாம். அந்தப் புகைவண்டியில் நீ இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பாய் என்று கேட்போம். வானத்திலிருந்து வரும் இரட்சகனை எதிர்பார்த்து நிற்கும் சமுதாயத்திற்கு அந்தக் கேள்வி அவசியமானது.