பேயென்னும் பெயர்

மனிதனொருவன் மனித இரத்தத்தை விரும்பி அருந்துகின்றான் எனக் கேள்வியுற்றதும் நம்முள் முதலில் எழுவது அருவருப்பு. அடுத்து எழுவது ஒருவகை ஆவல். இரண்டும் தணிந்தபின் அவனுக்கு நாம் ஒரு பெயரைச் சூட்டுகின்றோம்: பேய். சூட்டியவுடன் நமது கடமை முடிந்துவிட்டதென ஓர் ஆறுதலும் பிறக்கின்றது. பேயை ஓட்டலாம், ஒழிக்கலாம். பேய்க்கு வைத்தியம் பார்க்கவேண்டியதில்லையல்லவா? இந்த ஆறுதல் நியாயமானதுதானா?

2012ஆம் ஆண்டில் துருக்கிய வைத்தியர் சிலர் மருத்துவ சஞ்சிகையொன்றில் ஓர் இளைஞனைப் பற்றி எழுதினர். வயது 23, மணமானவன். சவர அலகினால் தன் கைகளையும் மார்பையும் வயிற்றையும் கீறி, வடியும் இரத்தத்தைக் கிண்ணத்தில் ஏந்திக் குடிப்பதில் அவனது பழக்கம் தொடங்கியது. பின்னர் பிறரைக் குத்தியும் கடித்தும் அவர்களது இரத்தத்தை நாடினான், பொலிசாரிடம் பிடிபட்டான். மகனது வேட்கையைக் காணப் பொறாத தந்தை, இரத்த வங்கிகளிலிருந்து இரத்தப் பைகளைப் பெற்றுவந்து கொடுத்தார். அத்தந்தையை எண்ணும்போது எமக்குச் சினம் எழவில்லை. வழியறியாத பாசம் வேறென்ன செய்யும்?

வைத்தியர்கள் விசாரித்தபோது வெளிவந்ததோ வேறொரு கதை. நான்கு மாதக் குழந்தையான அவனது மகள் நோயுற்று இறந்திருந்தாள். உறவினர் ஒருவர் கொலையுண்டதை அவன் நேரிற் கண்டிருந்தான். மற்றுமொரு கொடிய கொலையையும் கண்டிருந்தான். இடையிடையே தான் செய்தது எதுவென்றே அவனுக்கு நினைவிருப்பதில்லை. ஒரே மனத்துள் பல ஆள்கள் வாழ்வதுபோன்ற பிளவும், கண்ட கொடுமை ஆறாத வடுவாய் நின்ற நோயும் அவனிடம் இருந்தன. சிகிச்சையின் பின் சில வாரங்களில் இரத்தம் அருந்துவது நின்றது. பிளவு முற்றாக நீங்கவில்லை. பேயென்று கருதப்பட்டிருக்கக்கூடியவன், மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன்.

சாக்ரமெண்டோவில் நடந்தது இதற்கு மாறானது. அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்து நகரான அங்கு வாழ்ந்த றிச்சர்ட் சேஸ், தன் இரத்தம் வற்றித் தூளாகின்றதென உறுதியாக நம்பினான். முயலின் இரத்தத்தைத் தன் உடலினுள் ஏற்றி நோய்ப்பட்டான். மனநோயாளர் விடுதியில் அவன் பறவைகளைக் கொன்று இரத்தம் அருந்த, ஊழியர்கள் அவனை 'டிராகுலா' என்றழைத்தனர். 1976இல் வெளியே விடப்பட்டான், மருந்தும் நின்றது, தனியே வாழ்ந்தான். 1977 டிசெம்பர் இறுதி தொடக்கம் ஒரு மாதத்துள் ஆறு உயிர்களைப் பறித்தான். அவர்களுள் கருவுற்ற பெண்ணொருத்தியும் இரண்டு வயதும் நிரம்பாத குழந்தையொன்றும் அடங்குவர். அடையாளங்கள் மறைந்திருந்தனவா? இல்லை. கண்டவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கத் தெரிந்திருந்தது.

அப்படியாயின் கொலைஞனை மன்னிப்பதா என்று வாசகர் வினவலாம். மாண்டோரின் உற்றாரிடம் இரக்கத்தைக் கோர எமக்கு உரிமையில்லை. 1979இல் நீதிமன்றம் அவனுக்கு மரணதண்டனை விதித்தது. 1980இல் சிறையில் இறந்தான். கொலைக்குப் பிந்திய பொறுப்பு நீதிமன்றத்தினுடையது. முந்திய பொறுப்பு யாருடையது என்பதே எமது கேள்வி. அது வீட்டாருடையது, அயலாருடையது, வைத்தியருடையது, மருந்துக்கும் கண்காணிப்புக்கும் பணம் ஒதுக்கவேண்டிய அரசினுடையது.

இந்நோய்க்குப் புத்தகங்கள் தந்த பெயரும் விசித்திரமானதே. டிராகுலா நாவலில் ஈயையும் சிலந்தியையும் தின்னும் மனநோயாளியான றென்பீல்டின் பெயரால், 1992இல் அமெரிக்க உளவியலாளர் றிச்சர்ட் நோல் ஒரு நோய்க்குறித் தொகுதியை வகுத்தார். அவர் கேலியாக எழுதியதைப் பலர் மெய்யென்றே கொண்டனர். நோய்களை வகைப்படுத்தும் அதிகாரபூர்வமான பட்டியல்களில் இது தனிநோயாக இல்லை. இரத்த வேட்கை, பெரும்பாலும் வேறொரு மனநோயின் வெளித்தோற்றமே.

எனவே எதைக் கண்டு அஞ்சவேண்டும், எதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்பதை அறிதல் நன்று. ஆட்டிரத்தத்தில் வறை செய்து உண்பது நமது சமையல். வெட்டுண்ட விரலைக் குழந்தை வாயில் வைப்பது இயல்பு. ஆனால் ஒருவர் சுவைப்பதற்கென்றே தம்மைக் கீறுதல், அதனாலன்றி அமைதியில்லை எனல், தம் இரத்தம் கெட்டுவிட்டதென அசையாது நம்புதல், குரல்கள் ஏவுவதாகக் கூறுதல், கழிந்த மணிநேரங்களை நினைவுகூர முடியாதிருத்தல், பிராணிகளை வதைத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உளநல வைத்தியரை நாடவேண்டும். தன்னையே கீறும் முதற் கட்டமே போதிய காரணம். பிறருக்கோ தனக்கோ உயிராபத்து நேருமென்று தோன்றின், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். பிறர் இரத்தத்தால் ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் தொற்றக்கூடுமாதலால் அதற்கான பரிசோதனையும் தேவை. இலங்கையில் 1926 என்ற தொலைபேசி இலக்கம் தேசிய உளநல நிறுவகத்தின் உதவிச் சேவைக்குரியது.

வைத்தியரின் முன்னே உறவினர் பெரும்பாலும் நித்திரையின்மையையும் கோபத்தையும் கூறி, இரத்தம் என்ற சொல்லை வெட்கத்தால் விழுங்கிவிடக்கூடும். யாருடைய இரத்தம், எப்போதிருந்து, எந்த இழப்பின் பின் என்பவற்றை அவர்கள் முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும்.