இரவு யாருக்குச் சொந்தம்?

தன் கடைக்குத் தான் விளக்குப் போட்டுக்கொள்வதில் நகரசபைக்கு என்ன வேலை? கடை, ஓட்டல், மருத்துவ நிலையம் என்று நம்மவர் பலரும் சொந்தத் தொழில் நடத்தும் இந்நாட்டில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. அனுமதி கேட்டு ஜோனிங் போர்டு முன் நின்றால், கம்பத்தின் உயரம் எவ்வளவு, விளக்குக்கு மேல்மூடி உண்டா, வெளிச்சம் பக்கத்து மனைக்குள் விழுமா, கடை அடைத்த பின் எத்தனை விளக்குகள் எரியும் என்றெல்லாம் கேட்கிறார்கள். பணம் நம்முடையது, மின்சாரக் கட்டணமும் நாம் கட்டுவது. இதில் பிறருக்கு என்ன உரிமை என்று மனம் கேட்பது இயல்பே. ஆயினும் இது சட்டக் கேள்வி மட்டுமன்று, அறக் கேள்வியும் ஆகும் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

வளைகுடாப் பகுதியில் வாழும் அன்பர்கள் சான் ஹோசே நகருக்குக் கிழக்கே ஹாமில்டன் மலையுச்சியில் வெண்ணிறக் கோபுரங்களைக் கண்டிருப்பார்கள். அது 1888இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வசம் வந்த லிக் வானாய்வு நிலையம். அங்குள்ள 36 அங்குலத் தொலைநோக்கி வழியே 1892இல் பார்னார்டு என்பவர் வியாழனின் ஐந்தாவது துணைக்கோளைக் கண்டுபிடித்தார். அப்போது கீழே இருந்த பள்ளத்தாக்கு பழத்தோட்டங்கள் நிறைந்த இருண்ட நிலம். பின்னர் அது மாநகரமாக வளர்ந்து, அதன் ஒளி வானத்தில் ஏறி மங்கலான விண்மீன்களை மறைத்தது.

1980ஆம் ஆண்டு வாக்கில் நகரம் ஒரு முடிவு செய்தது. தெருவிளக்குகளைக் குறைந்த அழுத்தச் சோடியம் விளக்குகளாக மாற்றியது. இவ்விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் ஒன்றே. ஆதலால் வானியலார் அந்த ஒரு நிறத்தை மட்டும் வடிகட்டிவிட்டு மற்றவற்றை ஆராயலாம். மின்செலவும் குறைந்தது. ஆனால் மக்களுக்கு இது இலவசமாக வந்த நன்மையன்று. அந்த வெளிச்சத்தில் சிவப்புக் காரும் பச்சைக் காரும் ஒன்றுபோலத்தான் தெரியும். நகரம் செய்த உபகாரத்தைப் போற்றி, 6216 என்னும் எண்ணுள்ள சிறுகோளுக்கு வானியலார் சான் ஹோசே என்று பெயரிட்டனர்.

பல லட்சம் மக்கள் மலைமேல் இருக்கும் சிலருக்காக நிறங்களை இழப்பது நியாயமா? தலைகளை எண்ணிப் பார்த்தால் நியாயமில்லை என்றே தோன்றும். ஆனால் வானத்தை நாடுவோர் அவர்கள் மட்டுமல்லர். இரவில் வலசை போகும் பறவைகள், திரையிட்டும் தூக்கம் வராத அண்டை வீட்டார், நட்சத்திரமே பார்க்காமல் வளரும் குழந்தைகள் இவர்கள் அனைவரும் இந்த வழக்கில் உண்டு. இவர்களில் பலர் ஜோனிங் போர்டு கூட்டத்துக்கு வந்து பேச முடியாதவர்கள். பேச இயலாதவர் பங்கையும் நினைத்துப் பார்ப்பதுதான் பொதுவிதியின் முதற்கடமை.

நம் ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்வோம். தலைமடைக்காரர் தம் நிலத்தில்தான் மடையைத் திறக்கிறார். ஆனால் வற்றுவது கடைமடை வயல். ஒளியும் அப்படியே. புறப்படும் இடம் நம் மனை. போய்ச் சேரும் இடம் எல்லோருடைய வானம்.

இன்னொன்றும் உண்டு. கச்சேரியில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றால் பின்னால் இருப்போர் அனைவரும் எழ வேண்டியதாகிறது. கால் வலித்ததே மிச்சம். யாருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரியவில்லை. அடுத்த கடைக்காரர் பலகையைப் பிரகாசமாக்கினால் நாமும் ஆக்குகிறோம், அவர் மேலும் கூட்டுகிறார். இப்போட்டியிலிருந்து தனியொருவர் விலகினால் அவருக்கே நஷ்டம். எல்லோருக்கும் ஒரே அளவு என்று விதி வந்தால்தான் யாவரும் உட்கார முடியும். கடைத்தெருவில் இவ்விதி வியாபாரியையும் காக்கிறது.

எதிர்வாதத்தையும் மதிக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தனியே காருக்கு நடக்கும் பெண்ணுக்கு வெளிச்சம் அவசியம். உண்மை. ஆனால் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு நிழலை இன்னும் கருமையாக்கி, அதில் நிற்பவனை மறைக்கிறது. மூடியிட்டுக் கீழ்நோக்கிய விளக்கு தரையையும் முகத்தையும் காட்டும். ஆக, தேவையான வெளிச்சத்தை எவரும் மறுக்கவில்லை, வீணாவதையே தடுக்கிறார்கள். இருப்பினும், சிறுகடைக்காரர் நேற்று வாங்கிய விளக்கை இன்றே மாற்று என்பது கொடுமை. விதி செய்வோர் அவகாசம் தருவதே நீதி.

அளவோடு ஒளி என்பது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், நாள்தோறும் உழக்கு நெய் என்று கணக்கு இருக்கிறது. ஒளி அருமையாயிருந்த காலத்தில் அதை அளந்து கொடுத்தார்கள். எல்.இ.டி. வந்து அது மலிவான இக்காலத்தில் அளக்க மறந்துவிட்டோம். சான் ஹோசேயிலும் சோடியம் போய் எல்.இ.டி. வந்துவிட்டது. நீலம் மிகுந்த வெள்ளொளி காற்றில் அதிகமாகச் சிதறும். ஆகவே 3000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் ஒளியே நல்லது என்கின்றனர் அறிந்தோர்.

வழி தெரியாமல் இல்லை. விளம்பரத்துக்காக வானில் ஒளி பாய்ச்சுவதை அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் நகரம் 1958லேயே தடுத்தது. டெக்ஸாஸில் மெக்டொனால்டு வானாய்வு நிலையத்தைச் சூழ்ந்த ஏழு கவுண்டிகள் ஒளியை அடக்க வேண்டும் என்று 2011இல் சட்டம் வந்தது. தாய்நாட்டிலும் வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருளை நம்பியே இயங்கி வருகிறது.

ஆகவே, நம் ஊரில் இத்தகைய விதி விசாரணைக்கு வரும்போது, எதிர்ப்பதற்காக மட்டும் செல்லாமல், நம் பங்கு என்ன என்று கேட்கவும் செல்வோம். கடையானாலும் வீடானாலும் சங்கத்துக் கார் நிறுத்துமிடமானாலும், கடைசி ஆள் கிளம்பிய பின் யாருக்காக இவ்விளக்கு எரிகிறது என்று பார்ப்போம். பதில் இல்லையென்றால் அணைப்போம். நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும்போது அங்கே ஏதேனும் இருக்கட்டும்.